ஸ்டியரிங்கில் கட்டிய கோயில் கயிறு

1. கொல்லிமலையிலிருந்து இறங்கிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று, அடிவாரத்துக் காரவள்ளியில் முன்சக்கரம் புகைய நின்றது.
2. எங்கள் பேருந்தும் டீக்காக அதன் பக்கத்திலேயே நின்றது.
3. காரை ஓட்டிவந்தவரிடம் அவர் மனைவி சாவிக்குக் கை நீட்டினார்.

"ஏனுங்க, எழுபது வளைவும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தீங்களா? ஸ்டியரிங்குக்குப் பின்னால கியர் கொறைக்கிற பட்டை எதுக்கு இருக்குது? கொறைச்சிருந்தா இஞ்சினே வண்டியைப் புடிச்சிருக்குமுல்ல?"

"ஆட்டோமேட்டிக்குல அதெல்லாம் அழகுக்குப் புள்ள."

"அந்த அழகுக்குத்தான் மூணு மாசம் காத்திருந்து இந்த மாடலை எடுத்தீங்களாக்கும்?"

"எப்படி இழுக்கறது? கோயில் கயித்தை அந்தப் பட்டையோட சேத்துல்ல கட்டியிருக்குது. அறுந்துட்டா?"

"கயிறு எதுக்குங்க கட்டுனீங்க?"

"வண்டி பத்திரமா மலை எறங்கத்தான்."

பேருந்தின் சன்னலோரம் முழுவதும் சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"மேலயே நான் ஓட்டறேன்னு கேட்டேன். பொம்பளைக்கு மலை ரோடு ஆகாதுன்னீங்க. குடுங்க சாவியை."

"கயித்தை அவுத்தா சாமி கோவிச்சுக்கும்."

"பிரேக்கை மிதிச்சது சாமி இல்லீங்க."

எங்கள் பேருந்து கிளம்பும்போது சக்கரம் இன்னும் ஆறவில்லை. கயிறு உள்கண்ணாடியில் தொங்கியது. சாவி அவரது மனைவியிடம் இருந்தது.