வினாவால் வந்த வினை

நூலகர்: ...என் பையன் அஞ்சு வயசுல கேட்டான் சார். "சாமி எல்லாத்தையும் பார்க்குதுன்னு சொல்றியே, உனக்கு யாரும்மா சொன்னா?"ன்னு.

முதல்வர்: நான் சுவத்தைப் பத்திக் கேட்டா, நீங்க சாமியைப் பத்திப் பேசறீங்க.

நூலகர்: சுவத்துக்குத்தான் வரேன். எங்க அப்பா சொன்னாருன்னேன். அவருக்கு யாரு சொன்னான்னான். தெரியலைப்பான்னேன். "அப்ப கேட்டுட்டு வந்து சொல்லு"ன்னு விளையாடப் போயிட்டான்.

முதல்வர்: கேட்டீங்களா?

நூலகர்: தினமும் காலையில கண்ணை மூடி உட்கார்றப்ப கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சாமி கோவிச்சுக்கல. கேள்வி கேட்டா கோவிச்சுக்கறது மனுஷங்கதான்.

முதல்வர்: என்னைக் குத்திக் காட்டறீங்க.

நூலகர்: நீங்களா எடுத்துப் போட்டுக்கிட்டா நான் என்ன பண்றது? என் வகுப்புல நான் சொல்லித் தர்றது அந்த ஒரு கேள்விதான். போன்ல எது வந்தாலும், யாரு சொன்னா? அவங்களுக்கு யாரு சொன்னா?

முதல்வர்: அதுக்காக லைப்ரரி சுவர் பூரா நூலைக் கட்டி, தாளை ஒட்டி, சிலந்திக்கூடு மாதிரி...

நூலகர்: சிலந்திக்கு வலை சார். கூடு குருவிக்கு.

முதல்வர்: திருத்தாதீங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள அதை அவுத்துடணும்.

நூலகர்: அவுக்க மாட்டேன்.

முதல்வர்: நான் கேட்கல, சொல்றேன்.

நூலகர்: நானும் சொல்றேன்தான்.

முதல்வர்: நாளைக்குக் காலையில நிர்வாகக் கமிட்டி வருது. லைப்ரரியைப் பார்க்காமப் போக மாட்டாங்க.

நூலகர்: அதுக்குத்தானே ஒட்டியிருக்கு. காலேஜ் கேட்டுல இருக்கற ஜெராக்ஸ் கடையை நாளைக்குத்தான் காலி பண்ணச் சொல்லப் போறாங்க. எதை வெச்சு? "ஜெராக்ஸ் கடையில் வினாத்தாள் திருட்டு"ன்னு ஊரெல்லாம் சுத்தின ஒரு ஃபார்வர்டை வெச்சு. அது பொய்னு அந்தச் சுவரு சொல்லுது.

முதல்வர்: சுவரு சொல்றதை நான் சொல்லிக்கறேன்.

நூலகர்: இவ்வளவு நாளா சொல்லலையே சார். பரீட்சைத் தாள் இந்த ஊர்லயே அச்சாகறதில்லைன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆபீஸ்ல டீ ஊத்தறவருக்குக்கூடத் தெரியும். ஆனா அந்த அம்மா கடைக்கு நம்ம காலேஜ் வேலையை முதல்ல நிறுத்தினது யாரு? நாம.

முதல்வர்: விசாரணை முடியற வரைக்கும்னு...

நூலகர்: விசாரணையை யாரு பண்ணினா? என் பசங்க பண்ணினாங்க. எந்தக் குரூப்புல இருந்து எந்தக் குரூப்புக்குப் போச்சுன்னு ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போய் நின்னு, போனை வாங்கிப் பார்த்து... சில பேரு விரட்டியே விட்டாங்க. இவங்க திரும்பப் போய் நின்னாங்க.

முதல்வர்: அவங்க உழைப்பைக் குறை சொல்லல.

நூலகர்: அவங்க கண்டுபிடிச்சதைக் கேளுங்க. இருக்கறதுலயே பழைய மெசேஜ்ல "வினாத்தாள் கட்டு திருட்டு"ன்னு இருக்கு. பின்னாடி வந்ததுல "கட்டு" உதிர்ந்து போச்சு. பின் பெஞ்சுல எப்பவும் தூங்குவானே ஒருத்தன், கும்பகர்ணன்னு கூப்பிடுவாங்க, அவன்தான் எழுந்து கேட்டான். "மேடம், வினாத்தாள் சீல் வெச்ச கவர்லதானே வரும்? கட்டுன்னு வெள்ளைத்தாளைத்தானே சொல்லுவாங்க?"

முதல்வர்: அவனா கேட்டான்?

நூலகர்: தூங்கினாலும் காது திறந்துதான் இருக்கு. உடனே வாட்ச்மேன்கிட்ட ஓடினாங்க. அன்னிக்குக் கடைக்கார அம்மா வந்து புகார் சொன்னாங்களாம். கடை வாசல்ல இறக்கி வெச்ச வெள்ளைத்தாள் கட்டை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு. திருட்டுக் கொடுத்தவங்களே அவங்க சார். அவங்களைத் திருடியாக்கிட்டோம்.

முதல்வர்: சரி. நடுவுல "வினா" எப்படி வந்துச்சு? சுவத்துல எல்லாக் கட்டத்துலயும் அனுப்பினவங்க பேரு எழுதியிருக்கு. ஆரம்பக் கட்டம் மட்டும் காலியா இருக்கே, ஏன்?

நூலகர்: பசங்களால அதுக்கு மேல போக முடியல.

முதல்வர்: உங்களால?

நூலகர்: இந்தக் கட்டத்து மேல உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு கண்ணு?

முதல்வர்: கமிட்டியும் இதைத்தானே கேட்கும். "ஆரம்பிச்சது யாரு"ன்னு. பதில் இல்லைன்னா, நெருப்பில்லாமப் புகையுமான்னு கடையை மூடிடுவாங்க. பதில் இருந்தா... வேண்டாம் மேடம். அவுத்துடுங்க.

நூலகர்: பதில் இருந்தா யாருக்கு நஷ்டம்? காலேஜ் பேருக்கா? எனக்குப் புரியுது சார். ஆரம்பிச்சது நம்ம ஆளுதான்னு வெளிய வந்தா உங்களுக்கு அசிங்கம்.

முதல்வர்: நீங்க என்ன வேணா நினைச்சுக்கங்க.

நூலகர்: நினைக்கல, கேட்கறேன். ஒருத்தங்க பிழைப்பை விட நம்ம வாசல்ல இருக்கற போர்டு பெருசா?

முதல்வர்: உங்க வகுப்பையே எடுத்துடுவேன். டைம்டேபிள் என் கையிலதான் இருக்கு.

நூலகர்: எடுங்க. சாப்பாட்டு நேரத்துல மரத்தடியில நடத்தறேன். மரம் உங்க கையில இல்லை.

முதல்வர்: வேற கிளைக்கு மாத்திடுவேன்.

நூலகர்: அங்கயும் பசங்க இருப்பாங்க. அவங்க கையிலயும் போன் இருக்கும்.

முதல்வர்: கல்லுல நார் உரிக்கலாம், உங்ககிட்ட பேச முடியாது. நான் காலேஜ் பேருக்காகச் சொல்லல மேடம். அந்தப் பொண்ணு தாங்க மாட்டா. அவ்வளவுதான்.

நூலகர்: எந்தப் பொண்ணு? நான் பொண்ணுன்னு சொல்லலையே சார்.

முதல்வர்: பேச்சு வாக்குல...

நூலகர்: யாரு சொன்னா?

முதல்வர்: மேடம்.

நூலகர்: யாரு சொன்னா சார் உங்களுக்கு?

முதல்வர்: ...அவளேதான் வந்தா. ஆபீஸ் பக்கம் வராம, பின்னாடி படி வழியா ஏறி வந்தா. உட்காரும்மான்னா உட்காரல. "என்னைக் காலேஜை விட்டு அனுப்பிடுங்க சார், கடையை மட்டும் விட்டுடுங்க"ன்னா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன். இப்ப உங்ககிட்டயே உளறிட்டேன்.

நூலகர்: உளறல. எனக்கு முன்னாடியே தெரியும்.

முதல்வர்: என்னது?

நூலகர்: என் வகுப்புப் பொண்ணுதானே. ஒருநாள் எல்லாரும் போன பிறகு புத்தகத்தை எடுக்கறதும் வைக்கறதுமா நின்னுட்டிருந்தா. என்னம்மான்னு கேட்டதுதான் தாமதம், பொலபொலன்னு கொட்டிட்டா. நானும் வாக்குக் கொடுத்தேன். அதான் கட்டம் காலியா இருக்கு.

முதல்வர்: அப்ப இவ்வளவு நேரமா என்கிட்ட...

நூலகர்: உங்ககிட்ட இருந்து அவளைக் காப்பாத்திட்டு இருந்தேன்.

முதல்வர்: நான் உங்ககிட்ட இருந்து காப்பாத்திட்டு இருந்தேன்.

நூலகர்: நல்லா இருக்கு போங்க. ஒரே குழந்தையை ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இழுத்திருக்கோம்.

முதல்வர்: எனக்கு இன்னும் புரியாத ஒண்ணு. கடைக்கார அம்மாவோட சொந்தப் பொண்ணு. அவ ஏன் அப்படி எழுதினா? கேட்டா அழறா.

நூலகர்: அவ வெள்ளைத்தாள்னுதான் எழுதப் போனா. கடையில உதவிக்கு நிக்கறவ. பசங்க பூரா அவகிட்டதான் "பழைய வினாத்தாள் இருக்கா, வினாத்தாள் ஜெராக்ஸ் பண்ணி வைக்கிறியா"ன்னு மெசேஜ் போடுவாங்க. இவளும் பதிலுக்கு வினாத்தாள், வினாத்தாள்னு... போனுக்கு அது மனப்பாடம் ஆயிடுச்சு. வ-ன்னு தொட்டாலே வினாத்தாள்னு வந்து நிக்கும்.

முதல்வர்: அட கடவுளே.

நூலகர்: பதட்டத்துல வந்ததைத் தட்டிட்டா. "எங்க கடையில் வினாத்தாள் கட்டு திருட்டு, பார்த்தவங்க சொல்லுங்க." அழிக்கறதுக்குள்ள பறந்துடுச்சு. எவனோ "எங்க"ங்கறதை எடுத்துட்டு "ஜெராக்ஸ்"னு போட்டுட்டான்.

முதல்வர்: வினாவால வினை... முதல்ல சொன்னவங்களைத் தேடிப் போங்கன்னு சொல்லித் தர்றீங்க. முதல்ல சொன்னவங்களே தப்பாச் சொல்லியிருந்தா?

நூலகர்: அதைத்தான் இந்தத் தடவை நானும் கத்துக்கிட்டேன். தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்கக் கூடாது. என்ன சொல்ல வந்தேன்னு கேட்கணும்.

முதல்வர்: சரி, ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கட்டத்துல என் பேரை எழுதுங்க.

நூலகர்: என்னது?

முதல்வர்: முதல்வர்தான் தப்பா டைப் பண்ணிட்டாருன்னு எழுதுங்க. கமிட்டி என்னை என்ன பண்ணிடும்? ரிட்டயர் ஆகப் போறவன். கடையும் நிக்கும், பொண்ணும் தப்பிப்பா.

நூலகர்: கையெடுத்துக் கும்பிடறேன் சார். ஆனா எழுத மாட்டேன்.

முதல்வர்: மறுபடியுமா?

நூலகர்: பொய்யைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்த சுவத்துல நானே ஒரு பொய்யை ஒட்டுவேனா? நல்ல பொய்தான். இருந்தாலும் பொய். அந்தப் பசங்க தோண்டறவங்க. நாலே நாள்ல உங்களைப் பொய்யர்னு நிரூபிச்சுட்டு வந்து என்கிட்ட மார்க் கேட்பாங்க.

முதல்வர்: கேட்பாங்கதான்.

நூலகர்: கட்டம் காலியாவே இருக்கட்டும். நாளைக்கு நான் அதுக்குப் பக்கத்துல நிக்கறேன். ஆளு யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்னு சொல்றேன். ஆனா நடந்தது என்னன்னு காட்டறேன். நானும் நாள் பூரா வினாத்தாள்னு அடிக்கறவதான். என் போனைக் கமிட்டித் தலைவர் கையில கொடுத்து, வெள்ளைத்தாள்னு எழுதுங்க பார்ப்போம்னு சொல்றேன்.

முதல்வர்: யாருன்னு மிரட்டிக் கேட்டா?

நூலகர்: மிரட்டட்டும். நீங்க இவ்வளவு நேரம் மிரட்டினீங்களே, சொன்னேனா?

முதல்வர்: ...இல்லை. சரி, நானும் பக்கத்துல நிக்கறேன். எனக்கும் தெரியும், நானும் சொல்ல மாட்டேன்னு சொல்றேன். ரெண்டு பேரையும் சேர்த்து மாத்தட்டும். இருங்க, கதவைத் தட்டறாங்க. யாரு?

கடைக்காரம்மா: நான்தான் ஐயா. ஜெராக்ஸ் கடை.

முதல்வர்: வாங்கம்மா. உள்ள வாங்க, உட்காருங்க.

கடைக்காரம்மா: உட்கார நேரமில்லைங்க. இந்தாங்க, கடைச் சாவி. நாளைக்குக் கமிட்டி சொல்றதுக்கு முன்னாடி நானே காலி பண்ணிடறேன்.

நூலகர்: எதுக்குங்க? நாளைக்கு உங்க பக்கம் நியாயம்னு நாங்க...

கடைக்காரம்மா: நியாயம் வேண்டாம் மேடம். அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கறதை மட்டும் எடுத்துடுங்க. பசங்க தோண்டறதை நிறுத்தச் சொல்லுங்க. நான் இங்க கடை வெச்சிருக்கறதுனாலதானே தோண்டறாங்க. நான் போயிடறேன்.

நூலகர்: நீங்க தப்பே பண்ணலைன்னு அந்தச் சுவத்துலதாங்க இருக்கு.

கடைக்காரம்மா: இருக்கட்டும். நான் திருடின்னே இருந்துட்டுப் போறேன். வேற இடத்துல ஒரு மெஷின் போட்டா பிழைச்சுக்குவேன்.

முதல்வர்: சாவியை எடுத்துக்கங்கம்மா. நான் வாங்க மாட்டேன்.

கடைக்காரம்மா: வாங்கிக்கங்க ஐயா.

நூலகர்: சாரு வாங்க மாட்டாரு, நானும் வாங்க மாட்டேன். இப்பதான் ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப் போயிருக்கோம், கெடுத்துடாதீங்க. நாளைக்குக் காலையில வழக்கம் போலக் கடையைத் திறங்க.

கடைக்காரம்மா: அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பிடுவீங்களே மேடம்.

நூலகர்: மாட்டோம். யாரு பேரும் அதுல வராது. நாளைக்கும் வராது, என்னிக்கும் வராது.

கடைக்காரம்மா: நிஜமாவா?

முதல்வர்: நிஜமா. நான் பொறுப்பு.

நூலகர்: அழாதீங்கம்மா. ஆனா ஒண்ணு கேட்கறேன். அந்தக் கட்டத்துல யாரு பேரு வந்துடுமோன்னு நீங்க இப்படிப் பயப்படறீங்க?

கடைக்காரம்மா: அன்னிக்கு எம் பொண்ணு போனைக் கல்லாப்பெட்டி மேல வெச்சுட்டு மெஷினுக்குப் பின்னாடி போய் அழுதுட்டிருந்தா மேடம், நான் எடுத்து அந்த மெசேஜைப் பார்த்துட்டு, இருந்த இடத்துலயே வெச்சுட்டேன். எங்க வீட்டுக்காரர் தவறினப்ப நான் படுத்த படுக்கையா கிடந்தேன். இவ ஒரு வருஷம் ஸ்கூலை விட்டுட்டுக் கடையைப் பார்த்தா, என்கிட்ட "பெயில் ஆயிட்டேம்மா, அடுத்த வருஷம் போறேன்"னு சொன்னா. பெயில் ஆகலைன்னு அப்புறம் வாத்தியார் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். தெரியும்னு இன்னிக்கு வரைக்கும் காட்டிக்கல. எனக்காக ஒரு வருஷம் மறைச்சவளுக்காக நான் இதை மறைக்கக் கூடாதா... எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.