ஹெரால்ட் கிரிம்ஷாவின் பதினான்கு கடிதங்கள்

பிரபலங்களின் கையெழுத்து சேர்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சோம்பேறிகள், இன்ஸ்பெக்டர். ஆட்டம் முடிந்து வெளியே வருகிறவரிடம் துண்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். அவர் கிறுக்கித் தருவதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். வெறும் பெயர் குப்பை. சொந்தக் கையால் பக்கம் பக்கமாக எழுதி, கீழே கையெழுத்திட்ட கடிதம்தான் கணக்கில் சேரும். அதை வாங்க ஒரே வழி, வலிக்கிற இடத்தில் கேள்வி கேட்பது.

ஹெரால்ட் கிரிம்ஷா ஒரு காலத்தில் லங்காஷயரையே ஆண்ட குத்துச்சண்டைக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில், பர்ன்லி ஊரில், அவர் விட்ட குத்தில் ஆல்பர்ட் டட்டன் மேடையிலேயே செத்துப்போனான். அதற்குப் பிறகு ஹெரால்ட் எவருக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. கையெழுத்து சேர்க்கிற எங்கள் சங்கத்து ஆட்கள் முப்பது வருஷம் முட்டிப் பார்த்துவிட்டு, "கெழவன் மசியமாட்டான்ப்பா" என்று விட்டுவிட்டார்கள். மண்டூகங்கள்.

ஆல்பர்ட்டின் மனைவி எல்சி பெயரில், என் வீட்டு முகவரி போட்டு, நான் எழுதினேன். அவள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அது கிழவருக்குத் தெரியாது. 'சுற்று முடிந்து மணி அடித்த பிறகும் ஏன் அடித்தீர்கள்?' அவ்வளவுதான் கேட்டேன். நாலே நாளில் நாலு பக்கம் வந்தது. மணிச் சத்தம் காதில் விழவில்லையாம்.

பதின்மூன்று கடிதங்கள். ஒவ்வொன்றிலும் மன்னிப்புக் கேட்டார். கொடுப்பது எனக்கு ஒரு வரி வேலை. கொடுத்தால் எழுதுவதை நிறுத்திவிடுவாரே. இன்னும் விவரமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினார். எழுத்து மட்டும் கடைசிவரை கோணவில்லை.

பதினான்காவதை அவர் மகள் மொரீன் என் வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

"எல்சியம்மா இருக்காங்களா? அப்பா நேத்து கால்வாயில குதிச்சிட்டாரு. இது அவங்களுக்கு எழுதி வச்சது."

"அம்மா தூங்கறாங்க. எங்கிட்ட குடும்மா."

பிரித்தேன். கையெழுத்து இல்லை. அவ்வளவு பெரிய மனிதர், கடைசிக் கடிதத்தை இப்படியா அரைகுறையாக விட்டுப் போவார்? பேனாவை நீட்டி, "இது அப்பா எழுத்துதான்னு ஒரு வரி எழுதிக் குடும்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மேசைமேல் ஆல்பத்தில் வரிசையாக ஒட்டியிருந்த மற்ற பதின்மூன்றையும் பார்த்தாள். நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

நான் அவரைத் தொட்டதுகூட இல்லை. முப்பது வருஷமாக அவர் பேச்சைக் கேட்க ஓர் ஆள் இல்லை, நான் கேட்டேன். அதற்குப் பெயர் உதவி.

கொஞ்சம் காகிதம் தரச் சொல்லுங்கள். 'உங்கள் அப்பாவைக் கால்வாய்க்கரையில் கடைசியாகப் பார்த்தவன் நான்' என்று, வேறொரு பெயரில், மொரீனுக்கு எழுதவேண்டும். என்ன சொன்னார் என்று கேட்டு உடனே பதில் போடுவாள்.