நொண்டியின் எட்டாவது கால்

— ஆளுக்குப் பாதின்னு பிரிக்கறதுக்கு இதென்ன தேங்காயுங்களா அண்ணா? எட்டுக்கால் பூச்சிங்க. ஒரே முட்டைப்பையில பொறந்ததுக. அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம்னு பிரிச்சுப்போட்டா ஏங்கிப் போயிருமுங்க.

— பூச்சி ஏங்குமால நூருல்லா? யாருகிட்ட கதை அளக்க? சரி, பிரிக்க வேண்டாம். அப்பம் பூராத்தையும் இங்கனயே வச்சுட்டுப் போ.

— அதெப்படீங்க?

— என்னத்த அதெப்படி? வீரபாண்டில புது வீடு பிடிச்சாச்சு. அடுத்த வாரம் நிக்காஹ். நாளைக்கே பெட்டியத் தூக்கிருவ. கூடவே இந்த மீன் தொட்டியையும் மடியில வச்சுக்கிட்டு டவுன் பஸ்ஸுல போவியோ? உள்ள மீன் இல்ல, பூச்சின்னு தெரிஞ்சா பஸ்ஸே காலியாயிரும், கேட்டியா.

— மேல துணியப் போட்டு மூடிக்குவனுங்க.

— மூடுவ, மூடுவ. மொத வாரம் மிட்டாய் பாட்டில மூடுனியே, அந்த மாதிரியா? ரிப் துணியச் சுத்தி எலாஸ்டிக்க மாட்டுன. பேரு கட்டிங் மாஸ்டரு. பனியன் துணிய இழுத்துக் கட்டுனா பின்னல் கண்ணு விரியும்னு தெரியாது! மறுநா நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து கைலிய உதறுதேன், மடிப்புக்குள்ள மூணு பேரு உக்காந்திருக்கான்.

— கைக்கு வந்த துணி அதுதானுங்களே. நம்மூர்ல எதைக் கட்டறதுன்னாலும் பனியன் துணிதானுங்க. அப்பறம் கொசுவலைத் துணி போட்டமில்லீங்க? அதுக்கப்பறம் ஒண்ணாச்சும் தாண்டுச்சுங்களா?

— தாண்டல. ஆனா அன்னைக்கு ரிப்புல மாட்டி ஒருத்தனுக்குக் கால் போச்சே. நொண்டி. ஏழு காலோட அவன் இழுத்துக்கிட்டு நடக்கான்னு நெனச்சாலே எனக்கு அழுகை வருது.

— அட, அதுக்கு நானும்தானுங்கண்ணா அழுதேன். ஆனா பாருங்க, இதுகளக் கொண்டு வந்தது யாருங்க? எங்க கம்பெனி சாயப்பட்டறை பாய்லருக்கு உடுமலைப்பேட்டை பக்கம் இருந்து விறகு வந்துச்சு. பாய்லர்ல விறகு போடற கன்னையன் அந்தப் பொந்துக்கட்டைய நெருப்புல தள்ளப் பாத்தான். தாய்ப்பூச்சி உள்ளங்கை அகலத்துக்கு வெளிய வந்து ஓடுச்சு. அவனும் ஓடிட்டான். நாந்தானுங்க பயப்படாம நின்னு, குஞ்சுகள அப்படியே கட்டையோட எடுத்துட்டு வந்தேன்.

— நீ கொண்டு வந்து என்னத்தச் செஞ்ச? 'ஐயோ, ஒண்ணா வச்சா ஒண்ண ஒண்ணு தின்னுரும், ஆளுக்கொரு பாட்டில் வேணும்'னு கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்ன. ஊர்ல இருக்க அத்தனை பாட்டிலுக்கு நான் எங்க போவேன்? நாந்தான் சொன்னேன். பொந்துக்குள்ள எல்லாம் ஒண்ணாத்தான இருந்துச்சு, வயித்துக்குப் போட்டா எதுக்குல அடிச்சுக்கப் போகுது, ஒண்ணாவே விடுன்னு. நான் சொன்னது பலிச்சுச்சா இல்லையா?

— பலிச்சுதுங்க. நான் இல்லீன்னு சொல்லலீங்களே.

— மரப்பட்டை கொண்டாந்தது யாரு? நான். ஒளிஞ்சுக்க காலி நூல் கோன் அடுக்குனது யாரு? நான். தண்ணி தெளிக்கது யாரு?

— நீங்கதானுங்க. ராத்திரி வந்து கரப்பான் புடிச்சுப் போடறது நானுங்க. போன மாசம் லைன் ஊடு மொத்தத்துலயும் கரப்பானே இல்லாமப் போச்சுன்னு ஊட்டுக்கார மாரக்காக்கா வந்து கும்பிட்டுட்டுப் போனாங்களே, மறந்துட்டீங்களா? பாதி வாடகையக் கூடக் கொறைச்சுக்கறேன்னாங்க.

— சிரிக்க வச்சுப் பேச்ச மாத்தாத. நசீம் பானுவுக்கு இது தெரியுமா?

— எதுங்க?

— இதுதாம்ல. கட்டிக்கப் போறவன் ஒரு தொட்டி நெறைய எட்டுக்கால் பூச்சியோட வாரான்ங்கது.

— தெரியுமுங்க. என்ற மாமா பொண்ணுதானுங்களே. எங்க கம்பெனிலயே செக்கிங்ல இருக்கா. எல்லாம் தெரியும்.

— என்ன சொல்லுதா?

— ஒண்ணும் சொல்லலீங்க. சிரிக்கறா.

— இப்பம் சிரிப்பா. கல்யாணத்துக்கு முன்னால எல்லாரும் சிரிப்பாவ. அங்கன வந்து குடியேறி ரெண்டு நா கழியட்டும். தலைகீழாத் தொங்குத ஒருத்தனப் பாத்தாள்னா விளக்குமாத்த எடுத்து ஒரே பெருக்கு. துணியில புள்ளி இருந்தா, பனியன்ல ஓட்டை இருந்தா தூக்கி எறியுத பிள்ள அவ. பூச்சிய விடுவாளா? ஏழு கால் பூச்சிய? மொதல்ல ரிஜெக்ட் ஆகுதவன் நொண்டிதான்.

— அவ அப்படிப்பட்டவ இல்லீங்கண்ணா.

— அவ நல்ல பிள்ளதான். நான் அவளக் கொறை சொல்லல. ஆனா என்னையும் நெனச்சுப் பாரு. ரெண்டு வருசமா நமக்கு ஒரே ரூமு, ஒரே பாயி. நீ எந்திரிச்சு வேலைக்குப் போகையில நான் வந்து படுப்பேன். பாயில உஞ்சூடு ஆறியிருக்காது. இன்னைக்கு டிரான்ஸ்பார்மர் வெடிச்சு ஏரியா பூரா கரண்டு இல்லங்கதால ரெண்டு கம்பெனியும் லீவு. இல்லன்னா பகல்ல உம்மூஞ்சியை உக்காந்து பாத்திருப்பனா?

— இல்லீங்க.

— எனக்கு இருக்கது காலையில ஒரு டீ குடிக்க நேரம். நான் உள்ள வருவேன், நீ சட்டையப் போட்டுக்கிட்டு நிப்ப. 'ராத்திரி என்னல செஞ்சானுக?'ன்னு கேப்பேன். நீ சொல்லுவ. அம்புட்டுத்தான் நமக்குப் பேச்சு. பூச்சி ராத்திரி ஆளு. நானும் ராத்திரி ஆளு. ஆனா நான் நிட்டிங் மிசின் முன்னால நிக்கேன். பகல்ல நான் எட்டிப் பாத்தா எல்லாவனும் பட்டைக்குப் பின்னால, கோனுக்குள்ள. ஒரு கால் நுனி தெரியும், அம்புட்டுத்தான். நீ சொல்லுததாலதான் அவனுக உயிரோட இருக்கானுகன்னே எனக்குத் தெரியும்.

— அண்ணா...

— நேத்துச் சொன்னியே. 'கண்டக்டர்' இருக்கானே அந்தப் பெரியவன், அவன் கோன் வாசல்ல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் 'உள்ள போ, உள்ள போ'ன்னு தள்ளிவிட்டு, கடைசியில இடமில்லாம அவனே படியில தொங்கிட்டு வந்தான்னு. நொண்டிக்கு மட்டும் சன்னலோர சீட்டக் குடுத்தான்னு. மிசின் முன்னால நின்னு நான் தனியாச் சிரிச்சேன். பக்கத்து மிசின்காரன் எனக்குக் கோளாறுன்னு நெனச்சு மேஸ்திரியக் கூப்புட்டுட்டான்.

— மழை புடிச்சிருச்சுங்க. சன்னலச் சாத்தட்டுங்களா?

— சாத்து. ஏ, இருட்டிட்டு வருது. மெழுகுவர்த்தி எங்கன?

— இருங்க, ஏத்தறேன். அண்ணா! அண்ணா, இங்க பாருங்க. பகல்னு தெரியாம வெளிய வருதுங்க!

— எங்கல?

— கைய உள்ள விட்றாதீங்க, கடிச்சா வீங்கிப் போகும். கண்ணாடிக்கு வெளிய நின்னு பாருங்க. பட்டை மேல.

— எய்யா! எம்புட்டு அழகு! கால்ல மஞ்சக் கோடு போட்டுருக்கு பாரு. சின்னக் குஞ்சா எள்ளு மாதிரி இருந்தவனுகளா இது? ஒருத்தன், ரெண்டு பேரு, அங்க ஒருத்தன் இறங்குதான்... ஏல, ஒரு கரப்பானப் போடு. நான் இதுவரைக்கும் திங்கப் பாத்ததில்ல.

— டப்பாவுல ஒண்ணு வெச்சிருக்கறனுங்க. இந்தாங்க... உழுந்துருச்சு.

— புடிச்சிட்டான்! மின்னல் மாதிரி புடிச்சிட்டாம்ல!

— அண்ணா, இன்னொண்ணு வருதுங்க. ஐயோ, சண்டை வரப் போகுது. வந்துருச்சு... அடங்கொப்புரானே! சண்டையே போடலீங்க! ரெண்டும் ஒரே கரப்பானத் திங்குதுங்க! ஒரே தட்டுல! அண்ணா, நான் சொன்னா நம்பவே மாட்டீங்க!

— ஏல.

— என்னுங்க?

— நீதான இதத் தெனமும் பாக்க? உனக்கு என்னத்துக்கு இம்புட்டு ஆச்சரியம்?

— இல்லீங்க... இத்தனை கிட்டக்க... மெழுகுவர்த்தி வெளிச்சத்துல...

— 'ரெண்டு மூணு பேரு ஒண்ணாப் பந்தியில உக்காருவானுக, மேனேஜர்ப் பூச்சி எலையப் போடுவான்'னு நீ சொல்லாத நாளில்ல. சரி, அதை விடு. நொண்டி எங்க? காட்டு. நான் மொதல்ல அவனப் பாக்கணும்.

— அவன்... அந்த மூலைல இருப்பானுங்க.

— அந்த மூலைல இருக்கவனுக்கு எட்டு கால்.

— அப்ப பட்டைக்குக் கீழ.

— கீழ இருக்கவனுக்கும் எட்டு. நான் ஒவ்வொருத்தனையா எண்ணிட்டேன். அந்தா, சட்டை கழட்டிப் போட்டுட்டுப் பளபளன்னு நிக்கானே, அவனப் பாரு. எட்டுல ஒரு காலு மட்டும் சூம்பிப்போய்ப் புதுசா இருக்கு. இவன்தான் நொண்டி. தோல உரிக்க உரிக்கக் காலு முளைச்சிட்டு. எப்பமோ முளைச்சிட்டு. ஒரு மாசமா, ரெண்டு மாசமா இவன் நல்லா ஓடிக்கிட்டிருக்கான். நேத்துக் காலையில நீ எனக்கு என்ன சொன்ன?

— நொண்டிக்கு... சன்னலோர சீட்டு...

— நூருல்லா.

— என்னுங்கண்ணா.

— ராத்திரி நீ எந்திரிச்சு இதப் பாத்ததே கெடையாது. அப்படித்தான?

— காலைல எட்டு மணிக்குக் கத்திரியப் புடிச்சா ராத்திரி பத்து ஆகுதுங்க. கரப்பானப் போட்டுட்டு, கொசுவலையக் கட்டிட்டு, பாயில உழுந்தா இடி உழுந்தாலும் எந்திரிக்க மாட்டனுங்க. மொத நாளு நீங்க வந்து 'என்னல செஞ்சானுக'ன்னு கேட்டீங்க. 'தூங்கிட்டேன், தெரியலீங்க'ன்னு சொன்னேன். உங்க மூஞ்சி அப்படியே வாடிப் போச்சுங்க. அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியலீங்கண்ணா. அதுக்கப்பறம்தான்...

— அதுக்கப்பறம் தெனமும் ஒரு கதை.

— கோவமுங்களா?

— பொறு. நான் யோசிக்கேன்.

— அண்ணா, வேணும்னா நாலு அடி அடிச்சிருங்க.

— அப்பம் கண்டக்டர் படியில தொங்கல.

— இல்லீங்க.

— மேனேஜர் எல்லாத்தையும் லைன்ல நிக்க வச்சு, 'யாருல நேத்து ஓவர்டைம் பாத்தது?'ன்னு கேட்டு முன்காலத் தூக்குனது?

— அதுவும் இல்லீங்க.

— நொண்டிக்கு எல்லாரும் சேந்து பொண்ணு பாக்கப் போயி, பொண்ணு வீட்டுக்காரங்க பல்லின்னு தெரிஞ்சு ஓடி வந்தது?

— அது... இல்லீங்கண்ணா. சிரிக்கறீங்களா?

— சிரிக்காம என்னல செய்ய? அந்தப் பல்லிக் கதைக்கு நான் ஒரு வாரம் சிரிச்சேன். எங்கம்மா செத்து ஊருக்குப் போயிட்டு வந்தனே, அந்த வாரம் அது. மிசின் முன்னால நின்னா அழுகை வருது. பல்லிய நெனப்பேன், சிரிப்பு வந்துரும். அப்படித்தான் அந்த வாரத்தக் கழிச்சேன்.

— எனக்குத் தெரியுமுங்க. அதுக்குத்தானுங்க அது.

— சரி, கேளு. முடிவாச் சொல்லுதேன். பூச்சி பூராவும் உனக்கு. ஒண்ணு கூட எனக்கு வேண்டாம். ஒண்ணா வளந்தவனுக ஒண்ணாவே இருக்கட்டும். தொட்டியை நானே தூக்கிட்டு வந்து வீரபாண்டில இறக்கி வச்சிட்டுப் போறேன்.

— நெசமாவுங்களா? அப்ப உங்களுக்கு?

— எனக்குக் கதை வேணும். நீ பூச்சிய எடுத்துக்கோ, எனக்குக் கதையக் குடு. நைட் ஷிப்டு விட்டா நேரா சைக்கிள வீரபாண்டிக்கு மிதிக்கேன். உள்ளகூட வரமாட்டேன், புதுசாக் கல்யாணம் ஆன வீடு. வாசல்ல நின்னு 'என்னல செஞ்சானுக?'ம்பேன். நீ சொல்லு. கேட்டுட்டுத் திரும்பிருதேன். பொய்யின்னு தெரிஞ்சே கேக்கேன், அது உனக்கு வலிக்காதுல்லா?

— அண்ணா, அதை நான் குடுக்க முடியாதுங்களே.

— ஏம்ல? அந்தப் பிள்ள ஒத்துக்க மாட்டாளோ? காலங்காத்தால வாசல்ல ஒருத்தன் வந்து நிக்கான்னு மூஞ்சியத் தூக்குவாளோ? அப்படின்னா இப்பமே சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

— அதில்லீங்க. என்னுது இல்லாததை நான் எப்படிங்க குடுக்கறது?

— பின்ன யாரோடது?

— கதை பூராவும் ஜாப் ஒர்க்குங்கண்ணா, வெளிய குடுத்து வாங்கறது. சாயங்காலம் டீ டைம்ல நசீம் தெச்சுக் குடுப்பா, காலைல நான் உங்களுக்கு டெலிவரி பண்ணுவேன். பூச்சின்னா அவளுக்குப் பயத்துல உசுரே போயிரும், இன்னிக்கு வரைக்கும் ஒண்ணக்கூடக் கண்ணால பாத்ததில்லீங்க.