கழுவிய நீருக்கு மறுவேலை தந்த அன்னாள் அம்மையாருக்கு

'இந்தத் தண்ணீருக்கு இன்னும் வேலை இருக்கிறதே!'

ஐம்பத்திரண்டின் கோடையில் நாகல் நகர் மகளிர் விடுதிக்கு வார்டனாக வந்த அன்று, பிள்ளைகள் குளித்த நீர் தெருவுக்கு ஓடுவதைப் பார்த்து நீங்கள் மனத்துக்குள் நினைத்ததாகப் பின்னொரு நாள் எங்களிடம் சொன்னது அது. மறுநாளே மண்வெட்டி கேட்டீர்கள்.

அன்பே அணியான அன்னாள் அம்மையீர்! அழுக்கு நீருக்கும் அடைக்கலம் தந்த அருள் நெஞ்சீர்!

குளியலறைக்குப் பின்னால் இரண்டு குழிகள். அவற்றில் கூழாங்கல், மணல், மேலே கல்வாழை. முதல் குழியில் இறங்கிய சோப்பு நீர், இரண்டாம் குழியையும் கடந்து வாய்க்காலுக்கு வரும்போது தெளிந்திருந்தது. குழாயில் நீர் குறைந்த கோடைகளிலும் நம் வாழையும் கத்தரியும் வாடவில்லை. மாலைதோறும் குனிந்து, ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து பார்ப்பீர்கள். குழந்தையின் நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் இல்லை என்றறிந்த தாயின் அமைதி அப்போது உங்கள் முகத்தில் வரும்.

அதிகாரிகள் பார்வையிட வந்த ஆண்டை மறக்க முடியுமா! நம் ஆயா முத்துப்பேச்சி முதல் குழியின் கல்லையெல்லாம் அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து வைத்தார். "கல்லு எப்புடிப் பளபளங்குது பாத்தீங்களாம்மா!" என்று பெருமை வேறு. நாலைந்து நாளில் வாய்க்கால் நாறியது.

"ஏத்தா, கல்லுல இருந்த வழவழப்புதான் நம்ம வேலைக்காரி. அழுக்கைத் திங்கிறது அவதான். அவளையே தேச்சு வெரட்டிட்டியே!" என்று சிரித்தீர்கள். இரண்டாம் குழியிலிருந்து வழுக்கும் கற்களை ஏந்தி வந்து முதல் குழியில் இட்டீர்கள். ஏச்சு விழும் என்று நின்ற முத்துப்பேச்சியின் கையில் அடுத்த கூடையைக் கொடுத்தீர்கள்.

பணி ஓய்வு பெற்றுப் போகும் நீங்கள், வடமதுரையில் தங்கை வீட்டில் முழங்கால் வலியின்றி, எங்கள் ஆயுளிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாழ்வீர்களாக!

ஆனாலும், குழி மறுபடி நாறினால் மூடிவிடுவதாக நிர்வாகக் குழு சொல்லியிருக்கிறது. தோட்டம் போனால் பிள்ளைகளின் தட்டில் காயும் போகும். அதனால்தான் நேற்று, பின்கட்டு அறையை ஒழித்துத் தருகிறோம், இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டோம். குழிக்காக என்றோம். நீங்கள் இல்லாத மாலைக்கு அஞ்சினோம் என்பதைச் சொல்லவில்லை.

நீங்கள் வாய்க்காலில் குனிந்து, ஒரு கை நீரை அள்ளி முத்துப்பேச்சியின் முகத்தருகே நீட்டினீர்கள்.

"மண்ணு வாசந்தான் வருதும்மா."

"அப்ப நான் எதுக்குத்தா? வேணாம். காலை வண்டிக்குப் போறேன்" என்றீர்கள், மெல்ல.

இங்ஙனம்,
உங்கள் விடுதிப் பணியாளர்கள்,
நாகல் நகர், திண்டுக்கல். ஏப்ரல் 1966.