கடலுக்குப் போன வகுப்பு

நண்பனுக்காகக் கடலுக்குப் போகட்டுமா என்று என் மகன் நாளை கேட்டால் அனுப்புவேனா?

சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் செல்லும் பஸ்ஸில், முன் இருக்கையில் ஒரு மீனவப் பெண் தன் பக்கத்திலிருந்த விவசாயி வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்:

“ஒம் மகன் வாந்தி எடுத்தே எங்க கடல் ரொம்பிப்போச்சு தாயி!”

“கம்மாய்ல எறங்கவே பயப்படுவானே! கடலுக்கா போனான்?”

“எங்க வீட்டுக்காரரு கையொடிஞ்சு படுத்ததும் எம் மகன் படிப்ப விட்டுட்டு வள்ளத்துக்குக் கெளம்பிட்டான். ஆறாம் வகுப்புலருந்து ஒண்ணாப் படிச்ச பயலுகள்ல! ‘நீ படிலே, ஒனக்குப் பதிலா நாங்க முறைவச்சு வள்ளத்துல போறோம்’னுட்டாக. இன்னைக்கு எல்லாரும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸு!”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே!”

“சொன்னா விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன்க்கா” என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மடியில் தூங்கிய மகனை இறுக்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளைப் போல இவனும் வளர வேண்டும். அப்படி வளர்க்க நினைக்கும் நான் எவ்வளவு பயப்படலாம்? பிள்ளை வளர்த்த தாய்மார்களே, சொல்லுங்கள்.