மூன்றாம் கட்டிலின் மணி

என்னை யாரும் புத்திசாலி என்று சொன்னதில்லை சார். அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. கிணத்துக்கடவில் எங்கள் தெருவிலேயே தேங்காய் உரிக்கத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை இந்தப் பாலகோபால்தான். இதை அடுத்தவன் சொல்லுமுன் நானே சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். நம் வாயால் வந்தால் வலிக்காது பாருங்கள்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் "நமக்கென்னங்க தெரியும்" என்று தன்னைத் தாழ்த்திக்கொண்டால், எதிரில் இருப்பவர் "அட, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று தூக்கிவிட வேண்டும். பந்தியில் "போதுங்க" என்றால் இன்னொரு கரண்டி விழுவதைப் போலத்தான். "போதும்" என்ற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு வாளியோடு நகர்ந்துவிடும் பரிமாறுகிறவரும் உண்டு. என்னோடு வேலை பார்க்கும் லாஸ்யா அந்த ரகம். நல்ல பிள்ளை. அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப் போவதில்லை.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர்களில் இருக்கும் ஆஸ்பத்திரிகளைக் கோயம்புத்தூரில் ஒரு அறையோடு இணைக்கிற கம்பெனி. அங்கே கட்டிலில் கிடப்பவரின் நாடித்துடிப்பு இங்கே திரையில் ஓடும். துடிப்பு தடுமாறினால் இந்த அறையிலும் அந்த ஊர் நர்ஸின் போனிலும் மணி அடிக்கும். எந்தச் செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்று கை காட்டுவது ரவுட்டர். முன்பு அது ஒரு பெட்டி. இப்போது பெட்டியே கிடையாது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் வெறும் மென்பொருள், விர்ச்சுவல் ரவுட்டர். "எனக்கும் அதுக்கும் ஒரே வித்தியாசம், அதுக்கு மூளை இருக்குது" என்பேன். எங்கள் சோதனை லேபே சிரிக்கும்.

அந்த ரவுட்டரைச் சோதிப்பதற்காக, எல்லா ஆஸ்பத்திரிகளையும் அச்சு அசலாக நகலெடுத்து ஒரு பொய் உலகம் லேபில் வைத்திருந்தோம். அதே கட்டில்கள், அதே எண்கள். நோயாளிகள் மட்டும் கற்பனை. அவர்களுக்கு என் மாமன்மார் பெயர்களை நான்தான் வைத்தேன். தினமும் நாலைந்து மாமன்களுக்கு மாரடைப்பு வரவழைத்து, டீக்குப் போகுமுன் எழுப்பியும் விடுவேன்.

பொய் உலகமும் நிஜ உலகமும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் திரையில் பொய் உலகத்தின் ஜன்னலுக்குப் பச்சை விளிம்பு, நிஜத்துக்குச் சிவப்பு. பொய் உலகத்துக்கும் எங்கள் பேச்சில் லேப் என்றே பெயர். அது போதாதென்று இன்னொரு வழக்கமும் வைத்திருந்தோம். எதையும் நிறுத்துமுன் பக்கத்தில் இருப்பவரிடம் "லேப் தானுங்களே?" என்று கேட்க வேண்டும். அவர் தன் திரையிலும் பார்த்துவிட்டு "லேப் தான்" என்று சொன்ன பிறகே கை வைக்க வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். ஜாக்கிரதைக்காரன் சார் நான்.

லாஸ்யாவுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் நான்தான். அண்ணா, அண்ணா என்று சுற்றி வருவாள். எங்கள் தோப்பில் இளநீர் வெட்டினால் அவளுக்கென்று இரண்டு தனியாக எடுத்து வருவேன்.

புது ரவுட்டரை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுபோகும் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று மேனேஜர் திருமூர்த்தி ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அது எனக்குத்தான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் வழக்கம்போல, "நமக்கென்னங்க தெரியும் ரவுட்டரப் பத்தி, ஏதோ ஒட்டிட்டு இருக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். திருமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் லாஸ்யா பேசிவிட்டாள்.

"ஆமாங்க சார். அண்ணாவே எப்பவும் சொல்லுவாருங்க, அது தனக்குப் பிடிபடலைன்னு. பாவம், அவர எதுக்குங்க செரமப்படுத்தோணும்? நான் பாத்துக்கறனுங்க."

அதில் துளி விஷம் இல்லை. சந்தையில் பெரியவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்வது போல என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். "எருமைக்குப் பாரம் கொறஞ்சுதுங்க" என்றேன். மூவருமே சிரித்தோம்.

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள் ஒருமுறை சறுக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் லேபில் சறுக்கினால் ஒரு கற்பனை மாமன் போவான். கைதட்டிச் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். சறுக்கலுக்குக் கொஞ்சம் கனம் வேண்டியிருந்தது.

புது ரவுட்டர் நிஜமாக ஓடிக்கொண்டிருந்தது ஆனைமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மட்டும், வெள்ளோட்டமாக. அங்கே யாரோ ஒருவர் என்று கண்ணை மூடிக்கொண்டு கை வைக்க என் மனசு கேட்கவில்லை. எனக்கு இளகின மனசு என்று வீட்டிலேயே கேலி செய்வார்கள். லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்பதுபோல நர்ஸ் வரலட்சுமிக்குப் போன் போட்டேன். ஒரு கட்டிலில் கைக்குழந்தைக்காரி. இன்னொன்றில் கல்லூரிப் பையன். மூன்றாம் கட்டிலில் ராசப்பன், டீக்கடைக்காரர். நாளுக்குப் பலமுறை அவர் துடிப்பு தடுமாறும், மணி அடிக்கும், ஓடிப் போய் ஊசி போட்டால் எழுந்துவிடுவார் என்றாள். பார்க்க யார் வருகிறார்கள் என்று விசாரித்தேன்.

"யாருமே வாரதில்லீங்க, பாவம்" என்றாள்.

அழ ஆளில்லாதவர் என்று தெரிந்த பிறகுதான் முடிவு செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பவ நாள் முற்பகலில் லாஸ்யா டீ எடுக்கப் போனபோது அவள் திரையில் இரண்டு விளிம்புகளின் நிறத்தையும் மாற்றி வைத்தேன். அன்றைய சோதனை, ஒரு கட்டிலின் மணிச் செய்தியை வேண்டுமென்றே தடுத்து, ரவுட்டர் அதைக் கண்டுபிடித்து முறையிடுகிறதா என்று பார்ப்பது. முறையிடும் வசதி லேபில் இருந்த ரவுட்டரில்தான் இருந்தது. ஆனைமலையில் இன்னும் போடவில்லை. அங்கே தடுத்தால் தடுத்ததுதான். துடிப்பு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். மணி மட்டும் அடிக்காது. மணி அடிக்காத கட்டிலை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனைமலையின் மூன்றாம் கட்டிலை எடுக்கச் சொன்னேன். விசைப்பலகையில் கை வைத்தபடி திரும்பினாள்.

"லேப் தானுங்களேண்ணா?"

என் திரையை நன்றாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

"லேப் தான் கண்ணு."

தட்டிவிட்டு, "மூணாவது கட்டல்ல எந்த மாமனுங்க?" என்று சிரித்தாள்.

"பெரிய மாமன். கெட்டி உசுரு, ஒண்ணும் ஆவாது."

அது பாட்டுக்கு ஓடட்டும் என்று சாப்பிட அழைத்துப் போனேன். அவள் கை கழுவப் போன இடைவெளியில் நிறங்களைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஹோட்டலில் நான் "போதுங்க" என்றதும் பரிமாறியவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். நல்ல மனிதர். அவளுக்குப் புரையேறுமளவுக்குச் சிரிக்க வைத்தேன். அன்று எனக்கு நல்ல பசி.

திரும்பி வந்தபோது லேப் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஆனைமலையில் ராசப்பன் போய்விட்டார். வரலட்சுமி மேல் மாடியில் வேறு நோயாளியோடு இருந்திருக்கிறாள். மணி அடித்தால் இறங்கி வரலாமே என்று. தடுத்த செய்திகளை ரவுட்டர் எண்ணி வைத்திருந்தது. ராசப்பனின் மணி விடாமல் அடிக்கப் பார்த்திருக்கிறது. லாஸ்யா சிவப்பு விளிம்பைப் பார்த்தபடி நின்றாள். "பச்சைன்னுதானுங்களேண்ணா பாத்தேன்" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்து, யாருக்கும் வருகிற தப்புதான் என்றேன். அவள் கைது ஆனபோது வக்கீல் பிடித்துக்கொடுத்ததும் நான்தான்.

ராசப்பனுக்கு யாருமில்லை என்றது தவறு. மாசாணம் என்று மகள் இருந்தாள், திருப்பூரில் பனியன் கம்பெனியில். லீவு கிடைக்காமல் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நர்ஸ் இதைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

துக்கம் கேட்க நான் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியுமா? காரியம் முடிந்ததும் மாசாணம் மாசாணியம்மன் கோயிலுக்குப் போனாள். அநியாயம் செய்தவரை அம்மன் கேட்கட்டும் என்று அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். துணைக்கு நானும் போனேன். லாஸ்யாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அரைத்தாள். பாதியில் கை ஓய்ந்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. குழவியை வாங்கி மீதியை நான் அரைத்துக் கொடுத்தேன். காரம் கண்ணில் ஏறி எனக்குத் தண்ணீராகக் கொட்டியது. "நீங்க நல்லவருங்கண்ணா" என்றாள். இன்றுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மனுக்கும் என்னைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இல்லை போலிருக்கிறது.

இனி, நேற்று நீங்கள் விட்டுவிட்ட பிறகும் இந்த ஸ்டேஷனைத் தேடி நானே ஏன் வந்தேன் என்பது. நேற்று லாஸ்யாவின் வாக்குமூலத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "லேப் தான்" என்று சொன்னவன் நான். அவள் என்னைக் கைகாட்டுவாள் என்று தயாராகத்தான் வந்திருந்தேன். பதிலும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவள் சொல்லியிருந்தது வேறு.

"அண்ணா சொன்னத நம்புனது என்னோட தப்புங்க. அவர ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க. பாவம், அவருக்கென்னங்க தெரியும்?"

படித்து முடித்து நீங்கள் தலையாட்டினீர்கள். திருமூர்த்தியும் அதையேதான் சொன்னார் என்றீர்கள். என்னைப் போகச் சொல்லிவிட்டீர்கள்.

உக்கடத்தில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், இறங்கிவிட்டேன். ஒன்றும் அறியாத பெண் ஜெயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் வந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். நிறம் மாற்றிய தடயம் அவள் கம்ப்யூட்டரில் ஏன் இல்லை என்று உங்கள் நிபுணர்கள் கேட்பார்கள். வரச் சொல்லுங்கள், உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். அவர்களுக்கே அது புரிய நேரமாகும்.

ராசப்பனைக் கொன்றவன் நான். தனியாக, யார் உதவியும் இல்லாமல், ஒரு பிசகு இல்லாமல் செய்தேன். எழுதியதைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நமக்கென்னங்க சார் தெரியும், ஏதோ நாலு எழுத்துத் தட்டத் தெரியும்.

ஏனுங்க சார், நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.