எலும்பில்லாத இடத்தில் ஒரு கறை

எங்கள் ஸ்கேன் அறையில் மாற்றுடைக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. துவைத்து மடித்த அங்கிகள் அலமாரி நிறைய இருக்கும். விசாரிக்க வந்த நீங்கள் கேட்கும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

எலும்பு ஸ்கேனுக்குப் போடும் ஊசிமருந்து எலும்பில் போய் ஒட்டும். மிச்சம் சிறுநீரில் வெளியேறும். ஒரு சொட்டு உடையில் பட்டாலும் படத்தில் கறுப்பாகத் தெரியும். அப்போது உடையை மாற்றச் சொல்லி மறுபடி எடுக்க வேண்டும். இருபது நிமிட வேலை. அன்று பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். என் கைவேகத்துக்கு டாக்டர் வைத்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

வந்தவர் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட ஒரு டீச்சரம்மா. எலும்புகள் சுத்தம். வலது விலாவுக்குக் கீழே, எலும்பே இல்லாத இடத்தில், கட்டைவிரல் அளவு கறை.

"உடையில சிறுநீர் பட்டிருக்கும்மா" என்றேன்.

அவர் கூனிக்குறுகிப் போனார். "ஐயோ, மன்னிச்சுக்கோங்க தம்பி."

"உடை மாத்திப் பாத்தாச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆச்சு சார். போயிடுச்சு."

வாய் கூசாமல் சொன்னேன். நான் எடுக்கவே எடுக்காத மறுபடத்தை டாக்டர் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

எட்டு மாதம் கழித்து டீச்சரம்மா இளைத்துப்போய் வந்தார். துணிப்பையில் இஸ்திரி போட்ட மாற்றுடை கொண்டுவந்திருந்தார். நான் சொல்லாமலே மாற்றிக்கொண்டு வந்து படுத்தார்.

"காலையிலேருந்து ரொம்பக் கவனமா இருந்தேன் தம்பி. இந்தத் தடவை உங்களுக்குச் சிரமம் இருக்காது."

அதே இடம். கறை உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தது. சிறுநீர் இரண்டு முறையும் ஒரே இடத்தில் சிந்தாது என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் பழைய படத்தை எடுப்பார்கள். என் குட்டு உடையும்.

"இந்தம்மாவுக்கு இதே வழக்கம் சார்" என்றேன். டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். டீச்சரம்மாவிடமும் பழைய பொய்யையே சொன்னேன். அதன்பின் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கறை தெரிந்த இடத்தில் இருந்தது கல்லீரல். நான்கு மாதத்தில் அது கைவிட்டது, டீச்சரம்மா போய்விட்டார். படங்களை வாங்க மகள் வந்தாள்.

"ரெண்டு தடவையும் உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டோம்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க அண்ணா. அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அவர் உடையில் ஒரு சொட்டும் பட்டதில்லை.

"பரவாயில்லம்மா, விடுங்க" என்றேன். மன்னித்துத்தான் அனுப்பினேன்.